நடவு ஒரு மாதம் தள்ளினால் நெல்லுக்கு என்ன ஆகிறது?

திருவாரூர் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஆகஸ்டில் விட வேண்டிய சி.ஆர். 1009 என்ற 155 நாள் சம்பா நெல் விதையை, வாய்க்காலில் தண்ணீர் தாமதமானதால் செப்டம்பர் 15 வாக்கில்தான் நாற்று விட்டாராம். நட்டது அக்டோபர் நடுவில். பக்கத்து வயல் அண்ணன் போர் தண்ணீரை வைத்து ஆகஸ்ட் 10-லேயே விட்டுவிட்டார். ஒரே விதை, ஒரே மண், உரமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் தம்பி வயலில் தூர் (பயிரின் அடியிலிருந்து பிரியும் பக்கத்தண்டு) பாதி, கதிர் சின்னது, தூற்றும்போது அரைகுறையாக முற்றிய கருக்காயும் உள்ளே ஒன்றுமில்லாத பதரும் அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. "தேதி அவ்வளவு முக்கியமா? யூரியா இன்னும் ஒரு மூட்டை கூடப் போட்டிருந்தால் சரிக்கட்டியிருக்கலாமா?" என்று கேட்கிறார்.

யூரியாவால் சரிக்கட்டியிருக்க முடியாது. ஏன் என்று கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இதைப் புரிந்துகொண்டால் அடுத்த வருடம் விதை வாங்கும்போதே தம்பியால் முடிவு எடுக்க முடியும்.

முதலில் நெல்லின் வயதைப் பிரித்துப் பார்ப்போம். 105 நாள் ரகமானாலும் 155 நாள் ரகமானாலும், கடைசி 65 நாள் கிட்டத்தட்ட ஒன்றுதான். தண்டுக்குள் கதிர் உருவாகத் தொடங்கியதிலிருந்து பூக்கும் வரை சுமார் 30 முதல் 35 நாள். பூத்ததிலிருந்து அறுவடை வரை சுமார் 30 நாள். குளிர்ச்சியாக இருந்தால் நான்கைந்து நாள் கூடும், வெயில் கடுமையாக இருந்தால் குறையும். ரகத்துக்கு ரகம் மாறுவது அதற்கு முந்தைய காலம், அதாவது வேர் பிடித்து, இலை விட்டு, தூர் கட்டும் காலம். 110 நாள் குறுவை ரகத்துக்கு அது 45 நாள். 155 நாள் சம்பா ரகத்துக்கு 90 நாள்.

நாம் நடவுத் தேதியிலிருந்து முன்னோக்கி எண்ணிப் பழகிவிட்டோம். நட்டு இத்தனை நாள் ஆயிற்று, முதல் களை எடுத்தாயிற்று, மேலுரம் போட்டாயிற்று என்று. பயிரைப் பொறுத்தவரை கணக்கு பூக்கும் நாளிலிருந்து பின்னோக்கிப் போகிறது. பூக்கும் நாளுக்கு முன்னால் ஒரு மாதம், பின்னால் ஒரு மாதம். இந்த இரண்டு மாதத்தில் வானம் எப்படி இருக்கிறது, வாய்க்காலில் தண்ணீர் இருக்கிறதா என்பதுதான் களத்துமேட்டில் எத்தனை மூட்டை என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. நடவுத் தேதியைத் தள்ளும்போது அந்த இரண்டு மாதத்தை எடுத்து வேறொரு வானத்துக்கு அடியில் வைத்துவிடுகிறோம்.

தம்பியின் பயிரை இந்தக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். ஆகஸ்ட் 10-இல் விட்ட அண்ணனின் பயிர் செப்டம்பர் 10 வாக்கில் நடவாகியிருக்கும். வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குகிறது. அதற்குள் அவருக்கு 40 நாள் நல்ல வெயில் கிடைத்துவிட்டது. தூர் கட்டி, வரப்பு மட்டத்துக்கு மேலே பயிர் நின்றிருக்கும். மழை வந்தாலும் தலை நனையுமே தவிர மூழ்காது. நவம்பரில் அடைமழை பெய்யும்போது பயிர் தண்டுக்குள் கதிரைத் தயார் செய்துகொண்டிருக்கும். டிசம்பர் 10 வாக்கில், பெருமழை பெரும்பாலும் ஓய்ந்த நேரத்தில், கதிர் வெளியே வரும். பொங்கலை ஒட்டி அறுவடை.

தம்பியின் பயிர் நடவானதே அக்டோபர் நடுவில். வேர் பிடிக்க ஒரு வாரம். அந்த வாரம் முடியும்போதே மழை தொடங்கிவிட்டது. தூர் கட்ட வேண்டிய நாளெல்லாம் மேகமூட்டம். வயலில் வடியாத தண்ணீர். நெற்பயிர் நன்றாகத் தூர் விட வேண்டுமானால் தண்ணீர் விரல் கணு அளவுக்கு நின்றால் போதும், அடியில் வெளிச்சம் பட வேண்டும். முழங்கால் தண்ணீரில் நிற்கும் நாற்று இலையை நீட்டி உயரப் பார்க்குமே தவிர பக்கத்தில் தூர் விடாது. தூர் பாதியானதற்கு இதுதான் முதல் காரணம். அங்கே யூரியா போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பாதி தண்ணீரோடு போயிருக்கும். மீதி, வெயில் இல்லாத நாளில் இலையை மட்டும் வளர்த்து மெதுமெதுவென்று ஆக்கியிருக்கும். அந்த இலைதான் குலை நோய்க்கும் புகையான் பூச்சிக்கும் பிடித்தமானது.

அப்புறம் பூக்கும் காலம். செப்டம்பர் 15-இல் விட்ட பயிர் பூப்பது ஜனவரி நடுவில். பகல் குறுகுவதால் சில நாள் சுருங்கினாலும் அதையொட்டித்தான். அது மார்கழி, தைப் பனிக்காலம். காலை எட்டு மணி வரை இலையில் பனி நிற்கும். கழுத்துக் குலை நோய்க்கும் இலையுறை அழுகலுக்கும் இதைவிட வசதியான நேரம் கிடையாது. கதிர் உறையை விட்டு முழுதாக வெளியே வராமல் பாதியில் சிக்கிக்கொண்டு, உள்ளே இருக்கும் மணிகள் பழுப்பேறி நிற்பதை அந்த வயலில் பார்த்திருப்பார். போதாததற்கு, மேட்டூர் அணையின் பாசன ஆண்டு ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை. ஜனவரி நடுவில் பூத்த பயிர் பால் பிடித்து முற்ற வேண்டிய நேரத்தில் ஆற்றில் தண்ணீர் விடும் முறை முடிந்துவிடுகிறது. பூத்தபின் மூன்று வாரமாவது வயலில் ஈரம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கதிரின் மேல்பாதி நிறையும், அடிப்பாதி கருக்காயாகும். தம்பி தூற்றும்போது பறந்தது அதுதான்.

ஆக, தாமதம் மூன்று இடத்தில் அடித்திருக்கிறது. தூர் கட்டும்போது மழை, கதிர் வரும்போது பனி, மணி முற்றும்போது தண்ணீர் இல்லை. இந்த மூன்றில் ஒன்றைக்கூட உரம் திருத்தாது.

இந்த இடத்தில் பழைய சம்பா ரகங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனமில்லை. ஒட்டடையான், காட்டுயானம் போன்ற நீண்ட வயது நெல் நாளை எண்ணிப் பூப்பதில்லை, இரவை அளந்து பூக்கிறது. நெல் அடிப்படையில் குறும்பகல் பயிர். இரவு ஒரு அளவுக்கு மேல் நீண்டால் இலை அதை உணர்ந்து, பூக்கச் சொல்லும் குறிப்பைக் குருத்துக்கு அனுப்பும். தஞ்சாவூரில் ஜூனில் பகல் சுமார் 12 மணி 40 நிமிடம், டிசம்பரில் சுமார் 11 மணி 30 நிமிடம். வித்தியாசம் ஒரு மணி நேரம் சொச்சம்தான். அந்தச் சொச்சத்தை அந்த நெல் கண்டுபிடித்துவிடுகிறது! அதனால் ஆடியில் விதைத்தாலும் ஆவணியில் விதைத்தாலும் பூப்பது கிட்டத்தட்ட ஒரே சமயத்தில், பெருமழை கழிந்த கார்த்திகைக் கடைசியை ஒட்டித்தான். மழைக்கு முன்னால் அவசரப்பட்டுக் கதிர் தள்ளாது. நம் முன்னோர் அந்த ரகங்களைப் பிடித்து வைத்திருந்ததற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன். ஆனால் அதிலும் தாமதத்துக்கு மன்னிப்பு கிடையாது. பூக்கும் நாள் நகராது என்பதால், தாமதித்த நாளெல்லாம் தூர் கட்டும் நாளிலிருந்துதான் கழியும். ஒரு மாதம் பிந்தி விதைத்தால் ஒரு மாதத் தூர் போயிற்று. பயிர் குட்டையாக நின்று, நேரம் வந்ததும் பூத்துவிடும். தலைகீழாக, அதே நெல்லை மாசியில் விதைத்தால் பகல் நீண்டுகொண்டே போவதால் கதிரே தள்ளாமல் மாதக்கணக்கில் தழையாக வளர்ந்துகொண்டிருக்கும்.

இப்போதைய குட்டை ரகங்களில் பெரும்பாலானவை பகல் நீளத்தை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. அதனால்தான் வருடத்தில் எந்த மாதத்திலும் நட முடிகிறது. "எப்போது வேண்டுமானாலும் நடலாம்" என்பதை "எப்போது நட்டாலும் ஒன்றுதான்" என்று எடுத்துக்கொள்ளும் இடத்தில்தான் தவறு நடக்கிறது. அந்த ரகங்கள் மழைக்காகவோ வெயிலுக்காகவோ காத்திருப்பதில்லை. 80-ஆவது நாள் பூக்க வேண்டுமென்றால் 80-ஆவது நாள் பூத்துவிடும், அன்று வானம் எப்படி இருந்தாலும். பழைய நெல் தானே பார்த்துக்கொண்ட கணக்கை இன்று நாம்தான் போட வேண்டும்.

குறுவைக்கு அந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. 110 நாள் ரகத்தை ஜூன் 10-இல் விட்டால் செப்டம்பர் கடைசியில் அறுவடை. ஜூலை 5-இல் விட்டால் அக்டோபர் மூன்றாம் வாரம், நேராகப் பருவமழையின் வாயில். நின்ற பயிர் சாய்ந்து, கதிரிலேயே முளை விடும். குறுவை ரகங்களில் பலவற்றுக்கு விதை உறக்கம் குறைவு, இரண்டு நாள் ஈரம் போதும் முளைக்க. நான் அப்படிச் சாய்ந்த வயலில் இறங்கி ஒரு கதிரைத் தூக்கிப் பார்த்திருக்கிறேன். மணியின் அடியில் ஊசி முனை அளவுக்கு வெள்ளை முளை, கூடவே மயிரிழை வேர். நாலு மாத உழைப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்க வேண்டியிருக்கும்.

மேட்டூரில் தண்ணீர் எப்போது திறக்கிறார்கள் என்பதை டெல்டாவில் ஏன் இப்படிக் காத்திருந்து கேட்கிறோம் என்பதும் இதிலிருந்து விளங்கும். 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-இல் அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28-க்குத்தான் திறந்தார்கள். இடையில் இரண்டு மாத வித்தியாசம். ஜூலை கடைசியில் வந்த தண்ணீருக்குக் குறுவை நட்டால் பூப்பது அக்டோபரில், அறுப்பது நவம்பர் மழையில். அந்த வருடம் ஆற்றுப் பாசனக்காரர்களுக்குச் சம்பா ஒன்றுதான் வழி. கல்லணையிலிருந்து கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர இன்னும் நாளாகும் என்பதையும் கூட்டிக்கொள்ளுங்கள். திருவையாற்றுக்காரரின் தேதியும் வேதாரண்யத்துக்காரரின் தேதியும் ஒன்றாக இருக்க முடியாது.

தேதியோடு நாற்றின் வயதும் சேர்ந்தே வருகிறது. தண்ணீர் பிந்துகிறது, ஆள் கிடைக்கவில்லை, நாற்று மட்டும் நாற்றங்காலில் வளர்ந்துகொண்டே இருக்கிறது. இதில் நானே பட்டிருக்கிறேன். ஒரு குறுவையில் ஆடுதுறை 45 நாற்று 38 நாள் வயதில்தான் நடவானது. மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள்: அந்த ரகத்துக்குத் தண்டில் கதிர் உருவாகத் தொடங்குவது 45-ஆவது நாளை ஒட்டி. நட்டபின் பயிர் அதிர்ச்சி தெளிய ஒரு வாரம். அப்படியென்றால் தூர் கட்ட மிஞ்சியது எத்தனை நாள்? கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பயிர் தன் வயதைச் சில நாள் நீட்டிக்கொண்டது உண்மை, ஆனால் இழந்ததை மீட்கவில்லை. குத்துக்கு, அதாவது ஓரிடத்தில் சேர்த்து நட்ட நாற்றுக்கு, ஐந்து, ஆறு கதிர், ஒவ்வொன்றும் விரல் நீளம்.

நெல்லில் தூர் எப்படி வருகிறது என்று அருகில் போய்ப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒவ்வொரு இலையின் அடியிலும் ஒரு மொட்டு. ஐந்தாம் இலை வரும் சமயத்தில் கீழே இரண்டாம் இலையின் கக்கத்திலிருந்து முதல் தூர் எட்டிப் பார்க்கும். அப்புறம் இலைக்கு ஒன்றாக வரிசை வைத்து வரும். நெருக்கமான நாற்றங்காலில் வெளிச்சம் இல்லாமல் அந்த அடி மொட்டுகள் உறங்கியே போய்விடும். முதிர்ந்த நாற்றைப் பிடுங்கி அடித்தண்டை விரலால் நசுக்கிப் பாருங்கள். இளநாற்று தட்டையாக, மெத்தென்று இருக்கும். முதிர்ந்தது உருண்டு, கணு தட்டுப்படும். கணு வைத்துவிட்டால் அந்த நாற்று பூப்பதற்கான பாதையில் போய்விட்டது என்று அர்த்தம். ஒரு மாத வயதுக்கு ஒரு வாரம் என்று பெரியவர்கள் சொல்வது நல்ல அளவுகோல்: நாலு மாத நெல்லுக்கு நாலு வாரத்துக்கு மேற்படாத நாற்று, ஐந்து மாத நெல்லுக்கு ஐந்து வாரம். திருந்திய நெல் சாகுபடியில் 14 நாள் நாற்றையே நடச் சொல்வதும் அந்த அடித்தூர்களைக் காப்பாற்றத்தான்.

வெயில் பக்கமும் ஒரு எல்லை இருக்கிறது. பிப்ரவரி, மார்ச்சில் கோடை நெல் போடுபவர்கள் கவனிக்க வேண்டும். நெற்பூ காலை ஒன்பது மணி சுமாருக்கு உமி இரண்டாகப் பிளந்து திறக்கும். ஆறு மகரந்தப் பைகள் வெளியே தொங்கும். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் காய்ந்து பதராகும். மார்ச்சில் விதைத்த பயிர் கத்திரி வெயிலில் பூத்தால் இந்த ஆபத்து உண்டு. தப்பிப் பிடித்த மணியும் அவசரமாக முற்றி, அரிசியில் வயிற்றுப் பக்கம் வெள்ளை விழும், ஆலையில் நொய்யாக உடையும். இரவு வெப்பமும் லேசானதல்ல. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களை வைத்து 2004-இல் வெளியான ஆய்வில், வறண்ட பருவத்தில் குறைந்தபட்ச வெப்பநிலை 1 டிகிரி கூடும்போது விளைச்சல் சுமார் 10 சதவீதம் குறைந்தது தெரிந்தது. ஆனால் டிசம்பர், ஜனவரியில் போடும் நவரைக்கு இந்தப் பயம் குறைவு. நாற்று குளிரில் மெதுவாக வளரும், அவ்வளவுதான். மார்ச்சில் தெளிந்த வானத்தில் பூத்து மணி பிடிக்கும். காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் கிணற்றில் தண்ணீர் இருக்கும்போது நவரை நன்றாக விளைவதற்கு அந்த வெளிச்சமே காரணம்.

சரி, தம்பி என்ன செய்திருக்கலாம்?

செப்டம்பர் 15-இல்தான் விதை விட முடியும் என்று தெரிந்த அன்றே 155 நாள் நெல்லைக் கைவிட்டிருக்க வேண்டும். ஜனவரி 28-இலிருந்து பின்னோக்கி எண்ணினால் செப்டம்பர் 15-க்கு 135 நாள்தான் இருக்கிறது. அதற்குப் பொருத்தம் ஆடுதுறை 46, ஆடுதுறை 38, டி.கே.எம். 13 போன்ற மத்திய கால ரகங்கள். அக்டோபருக்குப் போய்விட்டால் ஆடுதுறை 39 போல 120, 125 நாளில் வருவது. வீட்டில் இருக்கும் விதை வீணாகிறதே என்று தோன்றும், எனக்கும் அப்படித் தோன்றியிருக்கிறது. விதைச் செலவு போனால் ஒரு செலவு, பருவம் போனால் மொத்தமும். தண்ணீர் தேங்கும் பள்ளக்கால் வயலாக இருந்து, சி.ஆர். 1009-தான் வேண்டும் என்றால், அதிலேயே வெள்ளம் தாங்கும் சப் 1 விதை கிடைக்கிறது. இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் மீண்டு வரும். ஆனால் அதுவும் ஆகஸ்டில் விட வேண்டிய நெல்தான்.

நேரடி விதைப்பு இன்னொரு வழி. பிடுங்கி நடும் அதிர்ச்சி இல்லாததால் ஒரு வாரம், பத்து நாள் முன்னதாகவே அறுவடைக்கு வரும். ஆகஸ்ட் கடைசியில் கிடைத்த மழையில் புழுதியில் விதைத்திருந்தால், ஆற்றுத் தண்ணீர் வரும்போது பயிர் வயலில் நின்றிருக்கும். களைதான் தொந்தரவு, முதல் மாதம் விடாமல் பார்க்க வேண்டும்.

எப்படியோ நாற்று முதிர்ந்துவிட்டது, நட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் தூரை எதிர்பார்க்காமல் குத்தைக் கூட்டுங்கள். 20-க்கு 15 செ.மீ. இடைவெளியில் சதுர மீட்டருக்கு 33 குத்து. 15-க்கு 10 ஆக்கினால் 66. குத்துக்கு மூன்று, நான்கு நாற்று, ஆழமாகப் புதைக்காமல் இரண்டு, மூன்று செ.மீ. தழைச்சத்தில் கூடுதல் பங்கை அடியுரத்திலேயே கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் முதிர்ந்த நாற்றுக்குப் பின்னால் போடும் யூரியா தூருக்கு உதவாது. அடுத்த மேலுரத்துக்கு நாட்காட்டியைப் பார்க்காமல் பயிரைப் பாருங்கள். ஒரு தாய்த்தூரைப் பிடுங்கி பிளேடால் அடியிலிருந்து நெடுக்காகக் கீறினால், கணுக்களுக்கு மேலே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயரத்தில் வெள்ளையாக, பஞ்சு நுனி போல ஒன்று தெரியும். அதுதான் கதிரின் பிறப்பு. அன்று கொடுக்கும் உரம் மணியின் எண்ணிக்கைக்குப் போகும்.

ஊரோடு ஒத்து நடுவதையும் விட்டுவிடக் கூடாது. எல்லோரும் இரண்டு, மூன்று வாரத்துக்குள் நட்டால் பூச்சி பரவலாகப் பிரிந்து போகும். தனியாகப் பிந்தி நின்ற வயலுக்கு மற்ற வயல்களில் பெருகிய ஆனைக்கொம்பன் ஈ மொத்தமும் வந்து இறங்கும். டெல்டாவில் குறுவைக்குப் பின் நடும் தாளடி பிந்தும்போது, அந்த ஈ தாக்கிக் குழலாக மாறிய வெள்ளித்தண்டு அதிகம் தெரிவது இதனால்தான். எலிக்கும் குருவிக்கும்கூடக் கடைசியாக நிற்கும் வயல்தான் இலக்கு.

கடைசியாக, தம்பி கணக்கில் சேர்க்காத ஒரு நட்டம் இருக்கிறது. பொங்கலை ஒட்டி அறுத்த அண்ணன், அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நின்ற நெல்லுக்குள் ஆடுதுறை 3 உளுந்தைத் தெளித்திருப்பார். மண்ணில் மெழுகுப் பதம் இருக்கும்போது விழுந்த உளுந்து, தைப் பனியை மட்டும் குடித்தே விளைந்துவிடும். தம்பி வயலில் அறுவடை பிப்ரவரி நடுவில். தண்ணீர் வரத்து நின்றுபோன வயல் அதற்குள் வெடித்திருக்கும். இப்போது உளுந்து தெளித்தாலும் முளைப்பு பாதிதான், பூக்கும்போது வெயில் ஏறிவிடும். போர் வசதி உள்ள பங்காளி யாராவது ஒரு தண்ணீர் விட ஒப்புக்கொண்டால் தெளியுங்கள். இல்லையென்றால் இந்த முறை உளுந்தை விட்டுவிட்டு, கோடை மழைக்குத் தழையுரப் பயிரான தக்கைப்பூண்டு விதைத்து, குறுவைக்கோ சம்பாவுக்கோ மடக்கி உழுங்கள்.